குறை சொன்னால் நம்பிவிடும் வீடு

எங்கள் சந்தைப்பேட்டை வீதியில் விலைக்கு வந்த எதையும் குறை சொல்லாமல் யாரும் வாங்கியதில்லை. மாடு என்றால் சுழி சரியில்லை என்பார்கள், பல் தேய்ந்துவிட்டது என்பார்கள், நடக்கவிட்டுப் பார்த்துப் பின்னங்கால் இழுக்கிறதே என்று முகத்தைச் சுளிப்பார்கள். விற்கிறவரும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, சொன்ன குறைக்கு ஏற்றபடி கொஞ்சம் இறங்கி வருவார். அந்தக் குறை அந்த மாட்டில் இல்லை என்பது இருவருக்கும் தெரியும், மாட்டுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கேட்ட விலையை ஒருவர் வாய் பேசாமல் எடுத்து நீட்டினால் விற்றவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது, எங்கேயோ ஏமாந்துவிட்டோம் என்று வெசனப்பட்டுக்கொண்டே கிடப்பார். கத்தரிக்காயிலிருந்து கல்யாணப் பெண் வரைக்கும் இதுதான் எங்கள் வழக்கம், தெய்வாத்தாளின் வீடு விலைக்கு வரும்வரை இதனால் யாரும் கெட்டுப்போனதில்லை.

தெய்வாத்தாள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். புருஷன் கட்டிவிட்டுப் போன வீட்டில் ஒற்றை மகன் மகுடீஸ்வரனை வளர்த்தாள், அவன் வளர்ந்து பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனான், முதல் சம்பளத்தில் அவளுக்கு மிக்ஸி வாங்கிக் கொடுத்தான், இருபத்திரண்டு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிநேகிதர்களோடு வாய்க்காலில் குளிக்கப் போனவன் திரும்பவில்லை. அதன் பிறகு சில வருஷம் அவள் அங்கே தனியாக இருந்தாள். முழங்கால் இரண்டும் மடங்க மாட்டேன் என்று அடம்பிடித்த பிறகுதான், அவினாசிப் பக்கத்து முதியோர் இல்லம் ஒன்றில் மொத்தமாக ஒரு தொகை கட்டினால் கடைசிவரை தனி அறை தருவார்கள் என்று கேள்விப்பட்டாள். அந்தத் தொகையோடு பேரத்துக்கென்று கொஞ்சம் கூட்டி வைத்து வீட்டுக்கு விலை சொன்னாள்.

முதலில் வந்தவர் பல்லடத்து நூல் வியாபாரி. வழக்கப்படி நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, "உத்தரமெல்லாம் கரையான் அரிச்சுக் கெடக்குதுங்களே" என்றார். அது கரையான் வாய் வைக்காத தேக்கு. மறுநாள் காலையில் தெய்வாத்தாள் வாசல் தெளிக்க எழுந்தபோது கூடமெங்கும் மரத்தூள் கொட்டிக் கிடந்தது, உத்தரத்தைத் தட்டினால் பொட்டுக்கடலை டப்பாவைத் தட்டிய சத்தம் கேட்டது. அடுத்து வந்த வாத்தியார் ஒருவர் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு உப்புக் கரிக்குதுங்க என்றார், வீதி முழுக்கச் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் அன்று சாயங்காலமே உப்பாகி எங்கள் வீடுகளில் பருப்பு வேகாமல் போனது. சுவர் ஈரம் குடிக்குது என்றார் ஒருவர், குடித்தது. நடையில் ரெண்டு பேர் ஒதுங்கிப் போக முடியாதாட்டத் தெரியுது என்றார் இன்னொருவர், நடை ஒடுங்கிப்போய்த் தெய்வாத்தாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தாள். கெழக்கு வாசல்னாங்க, தெக்கால திரும்புன மாதர இருக்குது என்று ஓர் அம்மாள் சொல்லிவிட்டுப் போக, வாசற்படியும் கதவும் நிலையும் தெற்கே திரும்பிப் பக்கத்து வீட்டு நாச்சிமுத்துக் கவுண்டரின் மாட்டுக்கொட்டகைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றன. நாச்சிமுத்து எருமைகளை இரண்டு பக்கமாக மாற்றிக் கட்டினார். கடப்பாரையை எடுத்துத் தன் சுவரை இடித்து அவள் போகவரப் பாதை விட்டார், அதிலிருந்து அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் இரண்டு எருமைகளுக்கு நடுவேதான் போனோம்.

இதில் இன்னொரு கொடுமை, குறை சொன்னவர்களே மறுவாரம் வந்து, சொன்ன குறை கண்ணெதிரே நிற்பதைப் பார்த்து, நல்லவேளை தப்பித்தோம் என்று திரும்பிப் போனார்கள். நல்ல வீட்டுக்குச் சொன்ன விலையை ஓட்டை வீட்டுக்கு யார் தருவார்கள்? தெய்வாத்தாள் பேரத்துக்கென்று கூட்டி வைத்திருந்ததெல்லாம் கரைந்து, இல்லத்தில் கட்டவேண்டிய தொகை மட்டும் விலையாக மிஞ்சியது.

ஏன் இப்படி என்று கேட்டவர்களுக்கு நாச்சிமுத்து ஒரே பதில்தான் வைத்திருந்தார். "எளகுன மனசுங்க அந்த ஊட்டுக்கு. ஆரு என்ன சொன்னாலும் நம்பீருது."

அதற்கு மேல் நாங்களும் ஆராயவில்லை, எங்களுக்கு வேறு வேலை இருந்தது. வீட்டு வரி போடுகிறவர் வந்து பார்த்துப் பாதியாகக் குறைத்துவிட்டுப் போனார், அதைக் கண்டு வயிறெரிந்த சிலர் தங்கள் வீட்டுச் சுவரிடமும் இரண்டொரு குறை சொல்லிப் பார்த்தார்கள், ஒன்றும் அசையவில்லை. வைதால் வாடுகிற வீடு வாழ்த்தினால் தழைக்குமே என்று ஒரு வெள்ளிக்கிழமை வீதிப் பெண்கள் எல்லாரும் தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு உள்ளே போய், எத்தனை லட்சணமான வீடு, எத்தனை குளுகுளுவென்று இருக்கிறது என்று தொண்டை வறளப் புகழ்ந்தார்கள். வீடு காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நம்மில் மட்டும் யார் போட்டுக்கொள்கிறோம், வைத வார்த்தை வருஷக்கணக்கில் இருக்கிறது, வாழ்த்து அன்றைக்கே மறந்துபோகிறது. கடைசியில் அந்த வீட்டுக்குள் யாரும் வீட்டைப் பற்றிப் பேசக்கூடாது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். வீடு பார்க்க வருகிறவர்களை வீதி முனையிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொன்னோம். பேரத்தை மாட்டுத் தரகர் சின்ராசு ஏற்றுக்கொண்டார். மாட்டுச்சந்தையில் செய்கிற மாதிரி ஒரு துண்டைப் போட்டு, துண்டுக்கு அடியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, விரலை அழுத்தி விலை பேசுவது. ஒரு விரலுக்கு ஐம்பதாயிரம். வீட்டுக்குக் காது இருந்தாலும் துண்டுக்கு அடியில் கண் இருக்காது என்பது அவர் கணக்கு, அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அத்தனை பேர் வாயில் விழுந்தும் கெடாமல் இருந்தது பின்பக்கத்து அறை ஒன்றுதான். அங்கே தெய்வாத்தாள் யாரையும் விட்டதில்லை. மகுடீஸ் கட்டிலில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக்கொள்ளும் இடத்தில் சுவரில் தேங்காயெண்ணெய்க் கறை வட்டமாகப் படிந்திருந்தது, கேரம் போர்டு மாட்ட அவன் கோணலாக அடித்த ஆணி இருந்தது, பரீட்சைக்குப் படித்தபோது கரண்ட் போய் மெழுகுவத்திப் புகை ஏறிய கருப்பு இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் அவள் அந்தக் கட்டிலில் போய் உட்கார்ந்து அந்தக் கறைமேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும், அந்த நேரத்தில் யாரும் அவள் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை.

அப்படி இருக்கையில்தான் தனபாலும் சத்தியபாமாவும் வந்தார்கள். தனபால் இரும்பு வார்க்கும் பவுண்டரியில் வேலை செய்தவன், சத்தியபாமா பனியன் கம்பெனியில் துணி சரிபார்க்கிறவள், கல்யாணமான நாளிலிருந்து வாடகைக்கு லைன் வீடுகளில் மாறி மாறிக் குடியிருந்தவர்கள். அப்போது அவர்கள் இருந்த லைனில் எட்டுக் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு குளியலறை, அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அவர்கள் மகள் மஞ்சுளா வயதுக்கு வந்து ஆறு மாதமாகியிருந்தது. அவள் உள்ளே குளித்து முடிக்கும்வரை சத்தியபாமா கதவை வெளியிலிருந்து முதுகால் அழுத்திக்கொண்டு நிற்பாள், ஷிப்ட் மாறி அவள் இல்லாத நாளில் பெண் குளிக்காமலே பள்ளிக்கூடம் போவாள். தாழ்ப்பாள் போட்ட கதவு ஒன்று வேண்டும், சத்தியபாமாவுக்கு வீடு என்றால் அவ்வளவுதான்.

முறைப்படி அவர்கள் வாயை மூடிக்கொண்டு எருமைகளுக்கு நடுவே உள்ளே போனார்கள், உளுத்த உத்தரத்தையும் ஈரச் சுவரையும் ஒடுங்கிய நடையையும் பார்த்தார்கள், கூட்டி வந்த கொத்தனார் எதையோ சொல்ல வாயெடுத்தபோது தனபால் அவர் வாயைத் தன் கையால் பொத்தினான். வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். கையில் இருப்பது இவ்வளவு, உத்தரம் மாற்ற இவ்வளவு, சுவரைச் சுரண்டிப் பூச இவ்வளவு, வாசலைத் திருப்ப முடியாது, எருமைகளோடு பழகிக்கொள்ள வேண்டியதுதான். அவர்களைச் சுற்றி வீதியே உட்கார்ந்து ஆளுக்கொரு விலை சொன்னது. இன்னும் கொஞ்ச நாள் விட்டால் வீடு தானாக விழும், மண் விலைக்கு வாங்கலாம் என்றும் ஒருவர் சொன்னார், அவர் யாரென்று நான் சொல்லப்போவதில்லை.

"பழுது பார்க்கற செலவைக் கழிச்சுப்போட்டு மிச்சத்தைத்தானுங்க கேக்க முடியும்," என்றான் தனபால். "அதுக்கு மேல கேட்டா ஊடு வாங்கி ஊட்டுக்கு வெளிய படுக்கோணும்."

மறுநாள் காலை வீட்டுக் கூடத்தில் சின்ராசு துண்டைப் போட்டார். தெய்வாத்தாள் விரல், தனபால் விரல், மறுபடி தெய்வாத்தாள் விரல் என்று கை மாறி மாறிப் போய், இரண்டு விரல் வித்தியாசத்தில் வந்து நின்றது. இல்லத்துத் தொகைக்குக் கீழே தெய்வாத்தாளால் இறங்க முடியவில்லை, தனபாலால் ஏற முடியவில்லை. சின்ராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார், அப்படியென்றால் பேரம் முறிந்தது என்று அர்த்தம்.

தெய்வாத்தாள் அப்போதுதான் நடையைத் தாண்டிப் பின்பக்கம் போயிருந்த மஞ்சுளாவைப் பார்த்தாள். அந்தப் பெண் கொல்லைப்புறத்துப் பொடக்காளியில் இருந்த குளியலறைக் கதவைத் திறப்பதும், உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுவதும், எடுப்பதும், மறுபடி போடுவதுமாக இருந்தாள். தெய்வாத்தாள் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏஞ் சின்ராசு, தனி ரூமு இல்லீன்னா ரெண்டு பேரு ரூமு குடுப்பாங்கல்ல அங்க? பேச்சுத் தொணையாச்சு. ரெண்டு வெரலு எறங்கிக்கறன்."

எல்லாருக்கும் மூச்சு வந்தது. ஆனால் அவள் சந்தைப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். குறை கேட்காமல் விலை இறங்குவது அவள் அப்பனும் பாட்டனும் செய்யாத காரியம், அப்படி இறங்கினால் அது தானம், தானமாகக் கொடுத்தால் வாங்குகிறவருக்கு அவமானம். அவள் சத்தியபாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏதாச்சும் ஒரு கொறை சொல்லு கண்ணு. சொன்னாத்தான் நானு எறங்க முடியும். சின்னதாச் சொல்லு போதும்."

"வேண்டாமுங்கம்மா," என்றாள் சத்தியபாமா. "இருக்கற கொறையே போதுமுங்க."

"அதெல்லாம் அடுத்தவங்க சொன்னது. நீ சொல்லோணும்."

சத்தியபாமா சுற்றிப் பார்த்தாள். கூரையைச் சொல்லக்கூடாது, சுவரைச் சொல்லக்கூடாது, தரையை, தண்ணீரை, கதவை எதையும் சொல்லக்கூடாது, எதைச் சொன்னாலும் அது நிஜமாகும், நிஜமானால் செலவு. துணியில் பழுது பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அவளுக்கு, ஆனால் அன்றைக்கு எதையும் கெடுக்காத ஒரு பழுதை அவள் தேட வேண்டியிருந்தது. செங்கல்லும் மரமும் கெடாத குறை, நாளைக்கே தாங்கள் குடிவந்தால் தானாகத் தீர்ந்துபோகிற குறை. அப்படி ஒன்று அகப்பட்டதும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்ல மனசோடுதான் சொன்னாள், அவளை யாரும் குற்றம் சொல்லக்கூடாது.

"ஆருமே குடியிருந்த ஊடு மாதர இல்லீங்கம்மா."

மற்றக் குறைகள் நிஜமாக ஒரு பொழுதாவது ஆனது. இதற்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. அடுப்படியில் நாள்பட்ட தாளிப்பு வாசனை நின்றுபோனது, படிக்கல்லில் கால் பட்டுத் தேய்ந்த குழி தூர்ந்து சமமானது, பின்பக்கத்து அறையில் ஆணி ஒன்று விழுகிற சத்தம் கேட்டது. சின்ராசுதான் ஓடிப்போய்ப் பார்த்தார். புகைக் கருப்பு இல்லை, எண்ணெய்க் கறை இல்லை, சுவர் நேற்றுப் பூசியதைப் போல வெறுமையாக இருந்தது. கூடத்தில் மாட்டியிருந்த மகுடீஸின் படத்தில் கண்ணாடியும் சட்டமும் மாலையும் இருந்தன. வீட்டு வாசலில் நிற்கவைத்து எடுத்த படம் அது. படத்தில் இப்போது வாசல் மட்டும் இருந்தது, வாசலில் வெயில் இருந்தது.

தெய்வாத்தாள் பிடித்திருந்த கையை மெதுவாக விட்டாள். பிறத்தியார் வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவளைப் போலச் சேலையை ஒதுக்கிக்கொண்டு, "இது ஆரு ஊடுங்க?" என்று கேட்டாள்.

"உன்ற ஊடுதான் ஆத்தா," என்றார் சின்ராசு.

"என்றதுங்களா? பத்தரம் என்ற பேருல இருக்குது, ஞாபகமிருக்குது. ஆனா நானு இங்க இருந்ததில்லீங்களே." அவள் கூரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். "இந்த ஊட்டுக்கா அத்தனை வெலை சொன்னேன்? இன்னும் ரெண்டு வெரலு கொறைச்சே குடுங்க சாமி. பாவம், பொட்டப் புள்ளையை வெச்சிருக்கறீங்க."

மகனை அவள் முழுக்க மறக்கவில்லை. மறந்திருந்தால்கூட எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தாராபுரம் ஆஸ்பத்திரியில் அவனைப் பெற்றது ஞாபகம் இருந்தது, மழை நாள், நர்ஸ் அவனைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மடியில் வைத்தது. வாய்க்கால் கரையில் அவனைப் படுக்கவைத்திருந்தது ஞாபகம் இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. நடுவில் இருந்ததெல்லாம் அந்த வீட்டுக்குள் நடந்தது. நாங்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னோம், உன் மகன் எங்கள் வீட்டு வேப்பமரத்தில் ஏறிக் கையை உடைத்துக்கொண்டான், என் கல்யாணத்தில் பந்தி பரிமாறினான், ரசம் என்றால் நாலு கரண்டி குடிப்பான் என்று. அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அப்படிங்களா, பாவம் என்றாள். அடுத்த வீதிப் பிள்ளையைப் பற்றிக் கேட்பது போலத்தான் கேட்டாள். நாச்சிமுத்து அன்றைக்கு எருமைகளுக்குத் தண்ணி காட்டவில்லை, கொட்டகையில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை போல அழுதார்.

இப்போது அந்த வீட்டுக்கு என்ன விலை சொல்வது? வீதியே குழம்பிப் போயிருந்தது, தனபால் குழம்பவில்லை. நாலு விரல் மிச்சம், உத்தரம் மாற்றலாம், சுவர் பூசலாம், கொஞ்சம் கையிலும் நிற்கும்.

"அவங்களே கொறைச்சுக் கேக்கறப்ப நாம எதுக்கு எச்சாக் குடுக்கோணும்? நாம என்ன திருடவா செஞ்சம்?"

"அந்த வெலைக்கு நானு அந்த ஊட்டுக்குள்ள கால் வெக்க மாட்டனுங்க," என்றாள் சத்தியபாமா. இரண்டு நாளாக அவள் சாப்பிட்டிருக்கவில்லை.

"பொறவு எத்தனை குடுக்கறது? நீ போக்குன சாமானுக்கு வெலை ஆராலயாச்சும் சொல்ல முடியுமா?"

"முடியாதுங்க. அதனாலதான் அவங்க எறங்கறதுக்கு முன்ன சொன்னதைக் குடுக்கலாங்கறேன். தனி ரூமாச்சும் கெடைக்கட்டும்."

தனபால் அன்று ராத்திரி முழுக்க விரல்விட்டுக் கணக்குப் போட்டான். மறுநாள் தன் வண்டியை விற்றுவிட்டுப் பவுண்டரிக்கு நடந்து போனான். அவள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றித் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டாள். உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்துவிடலாம், சுவர் ஈரமாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். இல்லத்தில் கட்டவேண்டிய தொகை ஒரு விரல் குறையாமல் சேர்ந்தது.

பதிவு அலுவலகத்துப் புங்கமரத்தடி பெஞ்சில் தெய்வாத்தாள் உட்கார்ந்திருந்தாள், நாங்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றோம். பத்திரம் எழுதுகிறவர் தொகையை உரக்கப் படித்தார். தெய்வாத்தாள் நிமிர்ந்தாள். வீட்டையும் அதில் வாழ்ந்ததையும் மறந்தவளுக்குச் சந்தைப்பேட்டை மட்டும் மறக்கவில்லை.

"நானு கேட்டது இத்தனை இல்லையே. கொறைச்சுக் கேட்டவளுக்குக் கூட்டிக் குடுத்தா அதுல என்னமோ இருக்குதுன்னு அர்த்தம்." அவள் சத்தியபாமாவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். "மறைக்காமச் சொல்லு கண்ணு. அந்த ஊட்டுல என்ன இருக்குது? பொதையலா?"

சத்தியபாமா எங்களைப் பார்த்தாள். நாங்கள் மரத்தைப் பார்த்தோம்.

"உங்க பையன் இருந்தானுங்கம்மா. அதுக்குத்தானுங்க."

"என்ற பையனா? மகுடீசா?" தெய்வாத்தாள் வெகுநேரம் யோசித்தாள். நெற்றி சுருங்கியது, மறுபடி விரிந்தது. அவள் குரலைத் தாழ்த்தி, கூட்டத்தில் யாருக்கும் கேட்கக்கூடாது என்பது போல, தலையைச் சத்தியபாமாவின் பக்கம் சாய்த்துக் கேட்டாள்.

"நல்லபடியா வளந்தானா கண்ணு?"

சத்தியபாமா அவனை ஒரு நாளும் பார்த்ததில்லை. அவள் முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா வளந்தானுங்கம்மா. ரசம்னா நாலு கரண்டி குடிப்பானுங்க."

"அப்படீன்னா சரி," என்றாள் தெய்வாத்தாள். பெஞ்சின் விளிம்பைப் பிடித்து மெதுவாக எழுந்து, உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாள்.